ரெண்டு திருப்பு

வலது கால் எப்பவோ செத்துப்போச்சு. இடது கால் இப்பத்தான் அது பின்னால கிளம்பிக்கிட்டு இருக்கு. முட்டியை மடக்கிக் குதிகால் மேல உட்கார்ந்து இருபது நிமிஷமாச்சு, இன்னும் இருபது நிமிஷம் உட்காரணும்னாலும் உட்காருவேன், எனக்கென்ன. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டையில குச்சி அடுக்க உட்கார்ந்தா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிக்கும். அந்த வயித்துல பொறந்தவளுக்கு ஒரு பாய்மேல உட்காரத் தெரியாதா. ஆனா கால் பேச்சு எதுக்கு இப்ப, காலைப் பத்தி நினைச்சுக்கிட்டிருந்தா கிண்ணத்தைப் பத்தி நினைக்க வேண்டாம்னு மனசு நைசா நழுவுது, எனக்குத் தெரியாதா அதோட கள்ளத்தனம். கிண்ணம் இன்னும் கிளம்பல. ஒசாகாவுல எங்க பல்கலைக்கழகத்து மாணவர் கட்டடம், ரெண்டாவது மாடி, எட்டுப் பாய் விரிச்ச தேநீர் ரூம். மூலையில இரும்புக் கெட்டில் உஸ்ஸுன்னு கொதிக்குது, வெளிய கிரவுண்டுல பேஸ்பால் பசங்க அடிக்கிற சத்தம் டொக்கு டொக்குன்னு கேக்குது. நவம்பர் மாசத்து மத்தியான வெயில் காகிதக் கதவுல மஞ்சளா விழுந்து கிடக்கு. எதிர்ல மூணாம் வருஷத்துப் பிள்ளை ஒருத்தி பச்சைத் தேயிலைப் பொடியில வெந்நி ஊத்தி மூங்கில் துடைப்பத்தால பிசையுறா, கலக்குறான்னே சொல்ல முடியாது, பிசையுறதுதான், அவ்வளவு கெட்டி. வரிசையா நாலு விருந்தாளி. முதல்ல ஹிரானோ, எங்க தேநீர்க் கிளப்புத் தலைவன், முதுகு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. அடுத்தது மியு, என் வகுப்புக்காரி, சிரிச்சா கண்ணு காணாமப் போயிரும். மூணாவது நான், மாரிச்செல்வி. கடைசியா கோமதி. மதுரையில என் காலேஜ்லயே வேற டிபார்ட்மெண்ட்டுல படிச்சவ, ஒரே பிளைட்டுல வந்தவ, ஒரே விடுதி, ஒரே சமையல்கட்டு, ஏழு மாசம். நாலு பேருக்கும் ஒரே கிண்ணம். ஹிரானோ மூணு மடக்கு குடிச்சு, வாய் வச்ச இடத்தை ஈரத்துணியால துடைச்சு மியுகிட்டக் குடுப்பான், மியு எனக்கு, நான் கோமதிக்கு. நான் வாய் வச்ச இடத்துல கோமதி வாய் வைக்கணும். அவ்வளவுதான் விஷயம். அவ வைப்பாளா மாட்டாளா, இதுக்குத்தான் ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல.

வரிசையை நான்தான் கேட்டு வாங்கினேன், அதையும் சொல்லிரணும், யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல. காலையில ஹிரானோ வந்து, மாரி-சான், கடைசி ஆளுக்குத்தான் வேலை ஜாஸ்தி, மிச்சத்தைக் காலி பண்ணிக் கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கணும், உங்களுக்கு நல்லாத் தெரியும், நீங்க உட்காருறீங்களான்னு கேட்டான். நல்ல வழிதான். கடைசியா உட்கார்ந்தா எனக்குப் பின்னால யாருமில்ல, என் எச்சில் என்னோட போச்சு, சோலி முடிஞ்சது. வாய் வரைக்கும் வந்துச்சு சரின்னு. அப்புறம் எங்க இருந்து வந்துச்சோ ஒரு கோவம், வேண்டாம், நான் மூணாவது உட்காருறேன், கோமதி கடைசியில இருக்கட்டும்னு சொல்லிட்டேன். "ஏட்டி, நான் கடைசியில உட்கார்ந்து திருதிருன்னு முழிக்கவா?"ன்னு கோமதி என் கையைக் கிள்ளினா. "எல்லாம் பாத்துக்கலாம், என்னையப் பாத்துச் செய்யி"ன்னேன். அவ சிரிச்சா. என்கிட்ட அவ எப்பவும் சிரிக்கத்தான் செய்வா, அதுல குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியலங்கிறதுதானே குறையே. இந்தப் பாருங்க, ஹிரானோ கிண்ணத்தை எடுத்துட்டான். நாலு பேரும் சேர்ந்து குனியுறோம். இடது உள்ளங்கையில வச்சு வலது கையால ரெண்டு திருப்பு திருப்புறான். முன்பக்கத்துல பூ வரைஞ்சிருக்கும், அதுமேல வாய் படக்கூடாதாம், அதனால ரெண்டே ரெண்டு சின்னத் திருப்பு. குடிச்சுத் துடைச்சிட்டு மறுபடி ரெண்டு திருப்பு எதிர்ப்பக்கமா. அடுத்த ஆளும் அதே மாதிரி திருப்புறதால எல்லார் வாயும் ஒரே இடத்துலதான் விழும். ஒரு வருஷத்துக்குக் கத்துக்க வந்த படிப்புல எனக்கு முதல்ல மனப்பாடம் ஆனது இந்த ரெண்டு திருப்புதான்.

விமானத்துல கோமதி கேட்டா. சீட்டு பெல்ட் போட்டு, விமானம் இன்னும் நகரக்கூட இல்ல. "நீ எந்த ஊரு மாரி?" கோவில்பட்டிப் பக்கம். "பக்கம்னா?" ஊர்ப் பேரைச் சொன்னேன். அவளுக்குத் தெரிஞ்ச ஊர்தான், அவ சங்கரன்கோவில். "ஊருக்குள்ளயா?" இந்தக் கேள்வியை இதுவரைக்கும் எத்தனை பேர் கேட்டிருப்பாங்க, பஸ் ஸ்டாண்டுல, ஹாஸ்டல்ல, கல்யாண வீட்டுல, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு மாதிரி மழுப்பியிருக்கேன். அன்னிக்கு என்னமோ, ஊரை விட்டே கிளம்பியாச்சு, இனி என்ன மழுப்பல்னு தோணிச்சு. "காலனி"ன்னேன், கண்ணைப் பாத்து. "ஓ"ன்னா. அவ்வளவுதான். ஒரே ஒரு ஓ. அப்புறம் பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினா. நான் எடுத்தேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பொட்டலத்துல கை விட்டாளா? விட்ட மாதிரியும் இருக்கு, விடாத மாதிரியும் இருக்கு, ஏழு மாசமா யோசிச்சும் ஞாபகம் வர மாட்டேங்குது. இந்த ஊருக்கு வந்த புதுசுல உமேதா ஸ்டேஷனுக்குள்ள ரெண்டு மணி நேரம் வெளிய வர வழி தெரியாம சுத்தினேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இப்ப அதே ஸ்டேஷன்ல ஜப்பான்காரப் பெரியவங்களுக்கே நான் வழி சொல்றேன். சைக்கிளை நிறுத்தத் தெரியும், குப்பையைப் பிரிக்கத் தெரியும், கடைக்காரன் வேகமாப் பேசினா நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லத் தெரியும். மாரின்னு பேரு சொன்னா இங்க யாரும் புருவத்தைத் தூக்குறதில்ல, ஜப்பான்காரிக்கே அந்தப் பேரு இருக்கு, எங்க லேப்ல இன்னொரு மாரி இருக்கா. இவ்வளவு பெரிய ஊரையே வளைச்சுப் போட்டவளுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் பிடிபடல பாருங்க.

பொட்டலம் மட்டுமா. விடுதிச் சமையல்கட்டுல அவ டம்ளர் அடியில சிவப்பு நகப்பூச்சுல ஒரு புள்ளி வச்சிருக்கா. அதைப் பாத்த அன்னிக்கு, இது என்னைய மனசுல வச்சு வச்ச புள்ளின்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா வியட்நாம் பொண்ணும் அவ டம்ளர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா, பத்துப் பேர் புழங்குற இடம், ஒட்டத்தான் செய்வாங்க. நான் வச்ச முட்டைக் குழம்பை வழிச்சு வழிச்சுத் திம்பா, "உன் கை ருசி எனக்கு வராதுட்டி"ம்பா. என் ஜாக்கெட்டைக் கேக்காமலே எடுத்து மாட்டிக்கிட்டு வகுப்புக்குப் போவா. காய்ச்சல்ல கிடந்தப்ப என் தலைமாட்டுலயே உட்கார்ந்திருந்தா, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா ஒரு நாள் ஐஸ்கிரீமை ஒரு கடி கடிச்சுப் பாருன்னு நீட்டினேன், சளின்னா. அன்னிக்குச் சாயங்காலமே தனியா ஒண்ணு வாங்கித் தின்னா. தண்ணி பாட்டிலை அண்ணாந்துதான் குடிப்பா, ஒரு நாளும் வாய் வச்சதில்ல. அதுல என்ன, நானுந்தான் அண்ணாந்து குடிக்கிறேன், நம்ம ஊர்ல யாரு வாய் வச்சுக் குடிக்கிறா. அவளுக்கு அது பழக்கமா, இல்ல அவ பாட்டிலை நான் கேட்டா குடுக்கத் தோதா இருக்கட்டும்னு நினைக்கிறாளா, இல்ல நான் அவ பாட்டில்ல வாய் வச்சிரக் கூடாதுன்னா? இப்படி ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாக்குற வேலை இருக்கே, அது சும்மா இருக்கிறவளைப் பைத்தியம் ஆக்கிரும். அவளுக்கு இந்த வேலை கிடையாது, நிம்மதியாத் தூங்குறா. கணக்குப் பாக்குற வேலை பூரா எங்க பக்கத்துக்குத்தான். ச்சீ, எனக்கே என்மேல எரிச்சலா வருது.

"ரொம்ப நல்லா இருக்கு"ன்னு ஹிரானோ சொல்றான், முதல் மடக்கு முடிஞ்சதும் அப்படிச் சொல்லணும். ரெண்டாவது மடக்கு. மூணாவது. துடைக்கிறான். அவன் நெத்தியில வேர்வை. மியுவுக்குக் கை மாறுது. அடுத்தது நான். சரியா சொன்னா எனக்குக் கோமதியைப் பத்தின பயம் மட்டும் இல்ல, என் கழுத்தைப் பத்தின பயமும் இருக்கு. போன வாரம் ஒத்திகையில வெறும் வெந்நி ஊத்தித்தான் கிண்ணத்தைச் சுத்த விட்டாங்க. என் கைக்கு வந்துச்சு, ரெண்டு திருப்பு திருப்பினேன், அம்புட்டும் சரி, அப்புறம் என் கழுத்து பாட்டுக்குப் பின்னால சாய்ஞ்சது, கை பாட்டுக்குக் கிண்ணத்தை ஒரு சாண் தூக்குச்சு, மடமடன்னு ஊத்திக்கிட்டேன், ஒரு சொட்டு சிந்தல. மியுதான் முதல்ல கை தட்டினா. மொரிமோதோ சென்செய், எங்க கிளப்புக்கு வந்து சொல்லிக் குடுக்கிற அம்மா, கோவிக்கல, சிரிச்சுட்டாங்க. தண்ணின்னா இப்படிக் குடிச்சிரலாம், கெட்டித் தேநீர் இறங்காது, மூக்குமேலதான் வந்து விழும்னாங்க. ஏன் இப்படின்னு கேட்டாங்க. நான் ஒரு வினாடிகூட யோசிக்காம, எங்க ஊர்ல இது அடுத்தவங்களுக்குக் குடுக்கிற மரியாதைன்னு சொன்னேன். அழகான ஜப்பானிய மொழியில, பிழையே இல்லாம. அழகான பழக்கம்னு சென்செய் தலை குனிஞ்சாங்க. கோமதியும் கூடவே, ஆமாம் சென்செய், எங்க ஊர் மரியாதைன்னு தலையாட்டினா. திரும்பி வர்ற ரயில்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது என் காதுகிட்ட வந்து சொன்னா, "நல்லா சமாளிச்ச மாரி." அந்த ஒரு வார்த்தைதான். எதைச் சமாளிச்சேன்? என்ன இருந்துச்சு அங்க சமாளிக்க? உனக்கு என்ன தெரியும்னு நீ சமாளிச்சேங்கிற? திரும்பிக் கேட்டிருக்கலாம். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லாமலா, எங்க ஹெச்ஓடியையே கேள்வி கேட்டவ நான். கேக்கல. அடுத்த ஸ்டேஷன் பேரை ரெண்டு தடவை படிச்சுக்கிட்டு நின்னேன்.

மரியாதையாம். ஆறாம் வகுப்புல கணக்குப் போட்டியில ஜெயிச்ச நாலு பிள்ளைகளும் எங்கள்ல ஒருத்தியான ஜெபராணி வீட்டுக்குப் போனோம், ஊருக்குள்ள, மாடி வீடு. தாகமா இருக்குன்னோம். அவ அம்மா நாலு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி கொண்டாந்தாங்க. மூணு பேருக்கும் குடுத்துட்டு என்கிட்ட வந்தப்ப மட்டும், "அண்ணாந்து குடிம்மா"ன்னாங்க. சிரிச்ச முகமாத்தான், அம்மான்னுதான் கூப்பிட்டாங்க. மத்த மூணும் வாய் வச்சு உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சுக. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல, புரியலங்கிறதைவிடப் பெருமையா இருந்துச்சு, ஏன்னா நான் ஒரு சொட்டு சிந்தல, சட்டை நனையல. அதையே வீட்டுல வந்து பீத்திக்கிட்டேன். அம்மா அடுப்புல என்னமோ கிண்டிக்கிட்டு இருந்துச்சு, கரண்டி நின்னு போச்சு. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வரும்போது ரோஸ் கலர்ல ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்து என் புத்தகப் பையில வச்சிச்சு. "இனிமே எவ வீட்டுலயும் தண்ணி கேக்காத." அவ்வளவுதான் சொல்லிச்சு. அன்னியில இருந்து பாட்டில் இல்லாம நான் வெளிய கிளம்பினதில்ல, இப்பவும் இந்த ரூமுக்கு வெளிய செருப்புப் பக்கத்துல என் பாட்டில் நிக்குது. ஓடுற பஸ்ல அண்ணாந்து குடிப்பேன், பள்ளத்துல விழுந்து எந்திரிச்சாலும் சிந்தாது. காலேஜ்ல பிள்ளைக எப்படிட்டின்னு ஆச்சரியப்படுவாங்க. நல்ல பழக்கந்தான், உடம்போட ஒட்டிப்போச்சு. அதுக்குப் போயி மரியாதைன்னு பேர் வச்சேன் பாருங்க, அதும் என் வாயாலயே, அதான் மனசு ஆறல.

மியு என் பக்கம் திரும்பிட்டா. உதட்டுல லேசாப் பச்சை. குனிஞ்சு கிண்ணத்தை நீட்டுறா, ரெண்டு கையாலயும் வாங்குறேன். கனமா, சூடா, பிறந்த குழந்தையை வாங்குற மாதிரி இருக்கு. வலப்பக்கம் கோமதி மூச்சு விடுறது கேக்குது, பட்டுத் துணி உரசுது, கிளப்புல குடுத்த கிமோனோ அவளுக்கு நீலம், எனக்குச் சாம்பல். ஒரு திருப்பு. ரெண்டு திருப்பு. அவ்வளவுதான், இப்ப வாய்க்குக் கொண்டு போகணும். போகுது. போய்க்கிட்டே இருக்கும்போது கழுத்துக்குப் பின்னால அந்த நரம்பு இழுக்குது, எனக்குத் தெரியுது, தாடை மேல கிளம்புது, கூரைப் பலகை கண்ணுல படுது, ஐயோ, கை ஒரு சாண் உசந்துருச்சு. மூலையில உட்கார்ந்திருக்கிற சென்செய் என்னையே பாக்குறாங்க. அந்த உசரத்துல இருந்து பாத்தா கிண்ணத்து அடி தெரியுது, பழுப்பு மண்ணு, விரல் பதிஞ்ச அடையாளம். யாரு இப்ப என்னைய அண்ணாந்து குடின்னு சொன்னது? இந்த ரூம்ல ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் வாய் வைன்னு சொல்லித்தான் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காங்க. நான் ஏன் சொல்லாததைச் செய்யணும். இறக்குடி கையை. இறக்கினேன். இறக்கி, குனிஞ்சு, வாய் வச்சேன். விளிம்பு சூடா இருந்துச்சு, ஈரத்துணி தொட்ட இடம் லேசாக் குளிர்ச்சி. அப்ப ஒண்ணு நடந்துச்சு, மறைக்காம சொல்லிர்றேன், எனக்குக் குமட்டுச்சு. ஹிரானோ வாய், மியு வாய், ரெண்டு பேர் எச்சில் இங்க பட்டிருக்குன்னு அடிவயித்துல இருந்து ஒரு புரட்டு. எனக்கே இப்படின்னா கோமதிக்கும் வெறும் இந்தப் புரட்டு மட்டுந்தானோ? இருக்கலாம். இருந்தா நான் முழுங்கின மாதிரி அவளும் முழுங்கட்டும். ஒரு மடக்கு. அரைச்ச கீரை மாதிரி கெட்டி, வேப்பங்கொழுந்து மாதிரி கசப்பு. ரெண்டு. மூணு. நாக்குல இருந்து தொண்டைக்கு அது மெதுவா ஊர்ந்து போற வரைக்கும் கிண்ணத்தை எடுக்கவே எனக்கு மனசு வரல.

துடைச்சேன். நல்லாத் துடைச்சேன், அவனும் அவளும் துடைச்ச அளவுதான் துடைச்சேன், ஒரு இழுப்பு கூடுதலாத் துடைக்கணும்னு விரல் பரபரத்துச்சு, விடல. எதிர்ப்பக்கமா ரெண்டு திருப்பு. கோமதி பக்கம் திரும்பினேன். அவ என் முகத்தைப் பாக்கல, கிண்ணத்தைத்தான் பாத்தா. வாங்கினா. கிண்ணத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு வினாடி எங்க ரெண்டு பேர் கையும் இருந்துச்சு. குனிஞ்சா, நானும் குனிஞ்சேன். உள்ளங்கையில வச்சா. ஒரு திருப்பு. கெட்டில் உஸ்ஸுன்னு கொதிக்குது. ரெண்டு திருப்பு. அங்க நிப்பாட்டு கோமதி, அங்க இருக்கு நான் வாய் வச்ச இடம், அங்க நிப்பாட்டு. அவ விரல் விளிம்புல நின்னுச்சு. நின்னுட்டு, அசைஞ்சுச்சு. மூணு. பளிச்சுன்னு துடைக்கவே வேண்டாத, யாரும் தொடாத பக்கம் அவ வாய்க்கு நேரா வந்து நின்னுச்சு. யாருக்கும் தெரியாது. ஹிரானோவுக்குத் தெரிஞ்சா பாவம் புதுசு, எண்ணிக்கை மறந்துட்டான்னு நினைப்பான். சென்செய் அப்புறமா தனியாக் கூப்பிட்டுத் திருத்துவாங்க. இந்த ரூம்ல, இந்த ஒசாகாவுல, இந்தத் தீவு பூராவும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் அந்த மூணாவது திருப்பு. அதைப் பாத்தும் பாக்காத மாதிரி உட்கார்ந்திருக்கவா நான் மூணாவது இடத்தைக் கேட்டு வாங்கினேன்?

"ரெண்டுதான் கோமதி."

சத்தமாத்தான் சொன்னேன், தமிழ்ல. எல்லாத் தலையும் திரும்புச்சு. தேநீர் ரூம்ல விருந்தாளி இப்படிப் பேசக் கூடாது, தெரியும். சென்செய் புருவத்தை உசத்தினாங்க. எண்ணிக்கை சொன்னேன் சென்செய், ரெண்டு தடவைன்னு ஜப்பானிய மொழியில சொன்னேன். ஆமாம், ரெண்டுதான்னு அவங்க தலையாட்டினாங்க. கோமதி இப்பத்தான் என்னைய நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும் கலங்கி, காது மடல் சிவந்து போச்சு. மறந்துட்டேன்னு சொல்லப் போறான்னு நினைச்சேன். சொல்லியிருந்தா நம்பியிருப்பேனோ என்னமோ. நான் கண்ணை எடுக்கல. மறந்தாளா, தெரிஞ்சே திருப்பினாளா, இல்ல அவளுக்கே தெரியாம அவ விரல் திருப்புச்சா, என் கழுத்து எனக்குத் தெரியாம சாய்ஞ்ச மாதிரி? அந்தக் கணக்கை இனி அவ பாக்கட்டும். ஏழு மாசம் நான் பாத்தது போதும். இந்தக் கூட்டம் முடிஞ்சதும் சென்செய்கிட்டப் போயி அந்த மரியாதைப் பேச்சைத் திருத்திச் சொல்லணும், ஜெபராணி வீட்டு டம்ளரை ஜப்பானிய மொழியில எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும், சொல்லிருவேன், எனக்கு வார்த்தைக்கா பஞ்சம். கோமதி கிண்ணத்தைக் குனிஞ்சு பாத்தா. வலது கை மெதுவா நகர்ந்து ஒரு திருப்பு பின்னால திருப்புச்சு. அதே இடம். கண்ணை மூடிக்கிட்டு வாய் வச்சா. தொண்டை ஏறி இறங்குறதைப் பாத்தேன், ஒண்ணு. முகம் சுண்டிப்போச்சு. கிண்ணத்தை மடிக்கு இறக்கிட்டு, மேலுதட்டுல பச்சை ஒட்டியிருக்க, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, ரொம்பச் சின்னக் குரல்ல சொன்னா.

"கசக்குதுட்டி."

"கசக்கத்தான் செய்யும். கடைசி ஆளு நீ, மிச்சம் வைக்காமக் குடி."